உருளையும் கோளமும்: கன அளவுக் கணக்குகளைத் தப்பில்லாமல் போடும் வழி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கறுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. மொரீஷியஸில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் வீட்டுக்கு ஒரு தொட்டியாவது கண்ணில் படும். மழை குறைந்த மாதங்களில் குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். அந்த நேரத்துக்குள் தொட்டி நிரம்பிவிடுமா, நிரம்பினால் எத்தனை நாள் ஓட்டலாம் என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி எழும் பேச்சு. அந்தக் கேள்விக்கு விடை உருளையின் கன அளவில் இருக்கிறது.

ரோஸ் ஹில்லில் மாலை நேரங்களில் வீட்டுத் திண்ணையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வரும் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், தங்களுக்குள் கிரியோல் பேசுகிறார்கள், தமிழை ஒரு பாடமாகவும் கோயிலிலும் கேட்கிறார்கள். கேம்பிரிட்ஜ் ஸ்கூல் சர்டிபிகேட் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளில் சூத்திரம் தெரியாதவர்கள் மிகக் குறைவு. ஆனால் விடை தப்பாகிவிடுகிறது. ஏன் என்று அவர்கள் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் மூன்று இடங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டது, அலகை மாற்றாமல் விட்டது, படம் வரையாமல் தொடங்கியது. இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் சரிசெய்யத்தான். பிள்ளைகளுக்கு வீட்டில் உதவும் அப்பா அம்மாக்களும் படிக்கலாம்.

முதலில் சொற்கள்

தமிழ்ச் சொற்களே இந்தப் பாடத்தில் பாதி வேலையைச் செய்துவிடும். உருள்வது உருளை. வண்டிச் சக்கரத்தின் நடுக் குடத்திலிருந்து விளிம்பு வரை போகும் கட்டை ஆரக்கால், அதுதான் ஆரம். பழைய வீட்டில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை குறுக்கே போகும் உத்தரத்தை விட்டம் என்போம். வட்டத்தின் விட்டமும் அப்படித்தான், ஒரு விளிம்பிலிருந்து நடுவைக் கடந்து எதிர் விளிம்பு வரை போகும். ஆரக்கால் நடுவோடு நின்றுவிடும், விட்டம் வீட்டைக் கடக்கும். இந்த இரண்டு படங்களை மனத்தில் வைத்துக்கொண்ட பிள்ளை பிறகு இரண்டையும் குழப்பியதை நான் பார்த்ததில்லை.

கணக்கில் பெரும்பாலும் விட்டத்தைத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் அளவுகோலை வைத்து அளக்க முடிவது அதுதான். சூத்திரத்துக்கு வேண்டியதோ ஆரம். ஆகவே கேள்வியைப் படித்ததும் செய்யவேண்டிய முதல் காரியம், தாளின் ஓரத்தில் "ஆரம் = இவ்வளவு" என்று தனி வரியில் எழுதிவைப்பது. மனத்துக்குள் பாதியாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எழுதுங்கள்.

உருளை: அடிப்பரப்பு பெருக்கல் உயரம்

ஒரே அளவுள்ள ரூபாய் நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடுக்கு ஓர் உருளை. ஒரு நாணயத்தின் பரப்பு எவ்வளவோ, அதை அடுக்கின் உயரத்தால் பெருக்கினால் கன அளவு. இதற்குமேல் உருளையில் ஒன்றும் இல்லை.

வட்டத்தின் பரப்பு மறந்துபோனால், பழைய தமிழ்க் கணக்கில் சொல்லிவந்த முறை ஒன்று உண்டு: சுற்றளவில் பாதியை எடு, விட்டத்தில் பாதியால் பெருக்கு. சுற்றளவில் பாதி என்பது பை (π) × ஆரம். விட்டத்தில் பாதி ஆரம். பெருக்கினால் பை × ஆரம்². பள்ளிச் சூத்திரமேதான், ஆனால் இப்படிச் சொன்னால் ஏன் ஆரம் இரண்டு தடவை வருகிறது என்பது புரிந்துவிடும்.

உருளையின் கன அளவு = பை × ஆரம்² × உயரம்

இனித் தொட்டிக்கு வருவோம். உள் விட்டம் 1 மீட்டர், தண்ணீர் நிற்கக்கூடிய உயரம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை லிட்டர் பிடிக்கும்?

படி 1. ஓர் உருளை வரைந்து விட்டத்தையும் உயரத்தையும் குறியுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

படி 2. ஆரம் = 0.5 மீ. உயரம் = 1.2 மீ. இரண்டும் ஒரே அலகில் இருக்கின்றனவா? இருக்கின்றன. சரி.

படி 3. கன அளவு = பை × 0.5² × 1.2 = பை × 0.25 × 1.2 = 0.3 பை.

படி 4. கடைசியில்தான் பையின் மதிப்பு. 0.3 × 3.1416 = 0.942 கன மீட்டர்.

படி 5. லிட்டராக்க 1000 ஆல் பெருக்க வேண்டும். 942 லிட்டர்.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 லிட்டர் என்று சிக்கனமாகச் செலவழித்தால் 320 லிட்டர். 942 ஐ 320 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2.9. ஆக, மூன்றாம் நாள் இரவுக்குள் தொட்டி காலி.

"உள் விட்டம்" என்று நான் சொன்னதைக் கவனித்தீர்களா? நாங்கள் தொட்டி வாங்கப் போனபோது கடையில் வெளி அளவை மட்டும் சொன்னார்கள். சுவர் கனம் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் வெளி விட்டம் 102 சென்டிமீட்டர் ஆகிவிடும். அதை வைத்துக் கணக்குப் போட்டால், அதே உயரத்துக்கு 981 லிட்டர் என்று வரும். கிட்டத்தட்ட 38 லிட்டர் வித்தியாசம், இரண்டு வாளித் தண்ணீருக்கும் மேல். ஒரு சென்டிமீட்டர் இவ்வளவு செய்வதற்குக் காரணம் ஆரம் வர்க்கமாவதுதான். எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால் உள் அளவு. எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கேட்டால் வெளி அளவு.

அலகுகள்: மிக அதிகமாக மதிப்பெண் போகும் இடம்

ஒரு மீட்டர் 100 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு கன மீட்டர் எத்தனை கன சென்டிமீட்டர்? போன வருடம் ஒரு பையன், "நூறு, மிஸ்" என்றான். அவனைத் திண்ணையின் தரையில் சாக்கட்டியால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போடச் சொன்னேன். அதில் ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் எத்தனை என்று கேட்டதும், ஒரு வரிசைக்கு நூறு, நூறு வரிசை, பத்தாயிரம் என்றான். அதன்மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால்? நூறு அடுக்கு. பத்து லட்சம். அப்புறம் அவன் அந்தத் தப்பைச் செய்ததே இல்லை.

மனத்தில் பதிய வேண்டியவை இவ்வளவே. ஒரு கன மீட்டர் என்பது 10,00,000 கன சென்டிமீட்டர், அல்லது 1000 லிட்டர். ஒரு லிட்டர் 1000 கன சென்டிமீட்டர். ஒரு மில்லிலிட்டரும் ஒரு கன சென்டிமீட்டரும் ஒன்றே.

என் அனுபவத்தில் பாதுகாப்பான வழி, கணக்கைத் தொடங்கும் முன்பே எல்லா நீளங்களையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுவது. கன அளவு கண்ட பிறகு அலகு மாற்றப் போகிறவர்கள்தான் பூஜ்யங்களில் இடறுகிறார்கள்.

அம்மி சொல்லும் கணக்கு

மொரீஷியஸில் அம்மிக்கு ரோஸ் காரி என்று பெயர். அதன்மேல் உருட்டும் குழவி பாபா ரோஸ் காரி, கிரியோலில் பாபா என்றால் குழந்தை. அம்மியைத் தாயாகவும் குழவியைப் பிள்ளையாகவும் நினைத்து வைத்த பெயர் போலும். நமக்கும் குழவி என்றால் குழந்தைதானே. இந்தத் தீவே எரிமலைக் கல்லால் ஆனது, குழவியும் அதே கருங்கல். அதைத் தூக்கிப் பார்க்காமலே எடை சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டுக் குழவியின் விட்டம் 10 சென்டிமீட்டர், நீளம் 30 சென்டிமீட்டர். படுத்துக்கிடக்கிறது என்பதால் குழம்ப வேண்டாம். உருளையின் "உயரம்" என்பது இரண்டு வட்ட முகங்களுக்கும் இடையே உள்ள தூரம். நிற்க வைத்தாலும் படுக்க வைத்தாலும் அதுவே.

ஆரம் = 5. கன அளவு = பை × 25 × 30 = 750 பை = 2356 கன சென்டிமீட்டர்.

எரிமலைப் பாறையான பசால்ட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.9 கிராம். 2356 × 2.9 = 6832 கிராம். ஏறக்குறைய 6.8 கிலோ. உண்மையான குழவியின் ஓரங்கள் தேய்ந்து வளைந்திருக்கும், ஆகவே தராசில் சற்றுக் குறைவாகக் காட்டும். ஒரு கை மிளகாய் அரைத்த பிறகு தோள் ஏன் வலிக்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

நடுவில் துளை உள்ள உருளை

வாய்க்காலில் போடும் சிமென்ட் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வெளி விட்டம் 60 சென்டிமீட்டர், உள் விட்டம் 50, நீளம் ஒரு மீட்டர். சிமென்ட் எவ்வளவு?

பெரிய உருளையிலிருந்து சின்ன உருளையைக் கழிக்க வேண்டும்.

பை × 30² × 100 − பை × 25² × 100 = பை × (900 − 625) × 100 = 27,500 பை ≈ 86,400 கன சென்டிமீட்டர்.

பிள்ளைகள் இங்கே குறுக்கு வழி என்று நினைத்து 30 இலிருந்து 25 ஐக் கழித்து, 5 ஐ வர்க்கமாக்கிவிடுவார்கள். அப்படிப் போட்டால் 275 வர வேண்டிய இடத்தில் 25 வரும், பதினொன்றில் ஒரு பங்கு! ஒவ்வொன்றையும் தனித்தனியே வர்க்கமாக்கி அப்புறம் கழியுங்கள். சரியான குறுக்கு வழி ஒன்று இருக்கிறது: இரண்டு ஆரங்களின் கூடுதலை அவற்றின் வித்தியாசத்தால் பெருக்குவது. 55 × 5 = 275. கால்குலேட்டர் இல்லாத தாளில் இது கை கொடுக்கும்.

குழாய் எத்தனை நேரத்தில் தொட்டியை நிரப்பும்?

இது தேர்வில் வந்தால் பலர் தாண்டிப் போய்விடும் கேள்வி. உண்மையில் சுலபமானது. உள் விட்டம் 2 சென்டிமீட்டர் உள்ள குழாயில் தண்ணீர் நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம்?

ஒரு நொடியில் குழாயின் வாயிலிருந்து வெளியே வரும் தண்ணீரை, கொட்டாமல் அப்படியே உறைந்து நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். அது ஒரு நீளமான உருளை. அதன் ஆரம் குழாயின் ஆரம், 1 சென்டிமீட்டர். அதன் நீளம் ஒரு நொடியில் தண்ணீர் ஓடிய தூரம், 50 சென்டிமீட்டர்.

ஒரு நொடிக்கு: பை × 1² × 50 = 50 பை கன சென்டிமீட்டர்.

தொட்டி, சென்டிமீட்டரில்: பை × 50² × 120 = 3,00,000 பை கன சென்டிமீட்டர்.

நேரம்: 3,00,000 பை ÷ 50 பை = 6000 நொடி = 100 நிமிடம்.

பை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போனதைப் பாருங்கள். முதலிலேயே 3.14 போட்டிருந்தால் இரண்டு பெரிய பெருக்கலும் ஒரு வகுத்தலும் செய்து, முடிவில் வந்த விடை சரியா தப்பா என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். பையைக் கடைசி வரை பையாகவே விட்டுவையுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் பிள்ளைகளிடம் கண்டிப்பாக இருக்கிறேன்.

தண்ணீர் இரண்டு மணி நேரம் வந்தால் தொட்டி நிரம்பும். அழுத்தம் குறைந்து வேகம் பாதியானால் 200 நிமிடம் வேண்டும், அன்றைக்குத் தொட்டி முக்கால்கூட ஆகாது.

கோளம்: அந்த நான்கின் கீழ் மூன்று எங்கிருந்து வந்தது?

கோளத்தின் கன அளவு = (4/3) × பை × ஆரம்³

இதை மந்திரம் போல ஒப்பிக்கும் பிள்ளைக்குத் தேர்வு அறையில் 4/3 ஆ 3/4 ஆ, கனமா வர்க்கமா என்று சந்தேகம் வந்துவிடும். காரணம் தெரிந்தால் சந்தேகம் வராது. ஆகவே இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

முதலில் ஒரு சோதனை, சமையலறைக் குழாயடியில் செய்யலாம். ஒரு ரப்பர் பந்தை எடுத்து, அது இறுக்கமாக உள்ளே இறங்குகிற, பந்தின் உயரமே உள்ள ஒரு டப்பாவைத் தேடுங்கள். டப்பாவை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்புங்கள். பந்தை மெதுவாக அமுக்கி முழுவதும் உள்ளே இறக்குங்கள். தண்ணீர் வழியும். பந்தை வெளியே எடுத்துப் பார்த்தால், டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிஞ்சியிருக்கும். அப்படியானால் பந்து அடைத்த இடம் மூன்றில் இரண்டு பங்கு.

டப்பாவின் ஆரமும் பந்தின் ஆரமும் ஒன்று. டப்பாவின் உயரம் பந்தின் விட்டம், அதாவது இரண்டு ஆரம். டப்பாவின் கன அளவு பை × ஆரம்² × 2 ஆரம் = 2 பை ஆரம்³. அதில் மூன்றில் இரண்டு பங்கு, 4/3 பை ஆரம்³. வந்துவிட்டதா?

சோதனை நம்பிக்கை தரும், நிரூபணம் ஆகாது. நிரூபணம் இதோ. ஓர் அரைக்கோளத்தைத் தட்டையான முகம் கீழே இருக்கும்படி மேசைமேல் வையுங்கள். பக்கத்தில், அதே ஆரமும் ஆரத்துக்குச் சமமான உயரமும் உள்ள ஓர் உருளை. அந்த உருளைக்குள் ஒரு கூம்பைக் குடைந்து எடுத்துவிடுங்கள். கூம்பின் முனை அடியில் நடுவிலும் வாய் மேலே உருளையின் வாய் முழுவதுமாகவும் இருக்கட்டும். இப்போது இரண்டையும் ஒரே உயரத்தில் கத்தியால் குறுக்கே வெட்டுவோம்.

ஆரம் 10, வெட்டும் உயரம் 6 என்று வையுங்கள். அரைக்கோளத்தில் வெட்டு முகம் ஒரு வட்டம். அதன் ஆரம் பைத்தாகரஸ் விதிப்படி 8, பரப்பு 64 பை. உருளையில் வெட்டு முகம் ஒரு வளையம். வெளி வட்டம் 100 பை, கூம்பு எடுத்த துளையின் ஆரம் 6, அதன் பரப்பு 36 பை. மிச்சம் 64 பை. இரண்டும் சமம்! 6 க்குப் பதில் எந்த உயரத்தை எடுத்தாலும் சமமாகவே வரும், நீங்களே 8 ஐப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் சமமானால் மொத்தமும் சமம். கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பது தெரிந்ததுதான், ஆகவே குடைந்த உருளை மூன்றில் இரண்டு பங்கு. அரைக்கோளமும் அதேதான்: 2/3 பை ஆரம்³. இரண்டு மடங்கு செய்தால் முழுக் கோளம்.

இந்த மூன்றில் இரண்டை முதன்முதலில் நிறுவியவர் ஆர்க்கிமிடீஸ். தம் கண்டுபிடிப்புகளில் இதையே அவர் பெரிதாக நினைத்தார். தம் கல்லறையில் ஒரு கோளத்தையும் அதைச் சுற்றிய உருளையையும் செதுக்கச் சொன்னார். கி.மு. 212 இல் அவர் கொல்லப்பட்டார். கி.மு. 75 இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த ரோமானியப் பேச்சாளர் சிசரோ, முள்ளும் புதரும் மூடிக்கிடந்த அந்தக் கல்லறையை அடையாளம் கண்டது இந்தச் சின்னத்தை வைத்துத்தான். நம் பக்கம் ஆரியபட்டர் 499 இல் எழுதிய நூலில் கோளத்தின் கன அளவுக்கு ஒரு விதி சொன்னார். அது உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விடை தரும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் சரியான விதியைத் தந்தார். ஆரியபட்டர் போன்ற பெரிய கணித மேதைக்கே பிடிபடாமல் போன ஒன்றை நாம் ஒரு டப்பாவையும் பந்தையும் வைத்துப் புரிந்துகொள்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கிறது.

லட்டுக் கணக்கு

தீபாவளிக்கு முந்தின நாள். 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் லட்டு மாவு 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு இருக்கிறது. 4 சென்டிமீட்டர் விட்டத்தில் லட்டுப் பிடித்தால் எத்தனை வரும்?

பாத்திரம்: ஆரம் 12. பை × 144 × 10 = 1440 பை.

லட்டு: ஆரம் 2. 4/3 × பை × 8 = 32/3 பை.

1440 ÷ 32/3 = 1440 × 3/32 = 135 லட்டு.

ஒரு வடிவத்தை உருக்கி, ஊற்றி, பிடித்து இன்னொரு வடிவமாக்கும் கணக்கு எல்லாமே இந்த வகைதான். வடிவம் மாறும், கன அளவு மாறாது. இரண்டையும் எழுதி வகுத்தாலோ சமப்படுத்தினாலோ வேலை முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: விடை 134.7 என்று வந்திருந்தால் 134 முழு லட்டுதான், 135 என்று முழுமையாக்கக்கூடாது. மாறாக, "இவ்வளவு தண்ணீர் பிடிக்க எத்தனை வாளி வேண்டும்" என்று கேட்டால் மேலே ஏற்ற வேண்டும்.

தண்ணீரில் போட்ட பந்து

6 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளைப் பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது. 3 சென்டிமீட்டர் ஆரமுள்ள இரும்புக் குண்டு முழுவதும் மூழ்குகிறது. தண்ணீர் எவ்வளவு ஏறும்?

குண்டின் கன அளவு 4/3 × பை × 27 = 36 பை. ஏறிய தண்ணீர் ஒரு தட்டையான உருளை: பை × 36 × ஏற்றம். இரண்டும் சமம், ஆக ஏற்றம் 1 சென்டிமீட்டர். எவ்வளவு தண்ணீர் முதலில் இருந்தது என்பது தேவையே இல்லை. குண்டு முழுக மூழ்குகிறதா என்பது மட்டும் முக்கியம்.

பின்னோக்கிப் போகும் கணக்கு

தைப்பூசக் காவடிக்குப் பால் செம்பு வாங்குகிறோம். ஏறக்குறைய கோள வடிவமான செம்பில் ஒரு லிட்டர் பால் கொள்ள வேண்டுமென்றால் உள் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்?

4/3 × பை × ஆரம்³ = 1000. இரண்டு பக்கத்தையும் 3 ஆல் பெருக்கி, 4 பையால் வகுத்தால் ஆரம்³ = 238.7. கனமூலம் 6.20. விட்டம் 12.4 சென்டிமீட்டர்.

கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை அழுத்திவிடுவது இங்கே வழக்கமான தப்பு. அப்படிச் செய்தால் ஆரம் 15 என்று வரும். ஒரு லிட்டர் செம்புக்கு 30 சென்டிமீட்டர் விட்டமா? ஒரு சாண் அகலத்துக்கும் மேல். விடையைக் கண்ணால் பார்த்து "இது நடக்குமா" என்று கேட்டால் தப்பு தானே தெரியும்.

இரண்டு லிட்டர் செம்பு வேண்டுமானால் விட்டத்தை இரட்டிப்பாக்கக்கூடாது. விட்டம் இரட்டிப்பானால் கன அளவு எட்டு மடங்காகும், எட்டு லிட்டர் பாலைத் தலையில் சுமக்க நேரும். 2 இன் கனமூலம் 1.26, 12.4 × 1.26, சுமார் 15.6 சென்டிமீட்டர் போதும்.

உருளையும் கோளமும் சேர்ந்தால்

எரிவாயு ஏற்றி வரும் லாரியின் தொட்டி: நடுவில் உருளை, இரண்டு முனையிலும் அரைக்கோளம். முழு நீளம் 9 மீட்டர், விட்டம் 2 மீட்டர். ஆரம் 1. ஒவ்வோர் அரைக்கோளமும் நீளத்தில் ஒரு மீட்டரை எடுத்துக்கொள்கிறது, ஆகவே உருளையின் நீளம் 9 அல்ல, 7. படம் வரைந்தவர்கள் இதில் தப்புவதில்லை. உருளை 7 பை, இரண்டு அரைக்கோளம் சேர்ந்து ஒரு கோளம், 4/3 பை. கூட்டினால் 25/3 பை ≈ 26.2 கன மீட்டர்.

பெதாங் குண்டு திடமா, பொள்ளலா?

பெதாங் என்பது எஃகுக் குண்டுகளை எறிந்து ஆடும் விளையாட்டு. அதை விளையாடுகிறவர்களின் கையிலிருக்கும் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விட்டம் 7.2 சென்டிமீட்டர், எடை 700 கிராம். நான் கொடுக்கும் கணக்குகளில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான், குண்டை உடைக்காமலே உள்ளே பார்த்துவிடுகிறோம்.

ஆரம் 3.6. கன அளவு 4/3 × பை × 46.656 = 195.4 கன சென்டிமீட்டர். எஃகின் அடர்த்தி சுமார் 7.8. முழுதும் எஃகாக இருந்தால் எடை 1524 கிராம் இருக்க வேண்டும். 700 தான் இருக்கிறது. ஆகவே உள்ளே வெற்றிடம்.

எஃகு மட்டும் 700 ÷ 7.8 = 89.7 கன சென்டிமீட்டர். வெற்றிடம் 195.4 − 89.7 = 105.7. அந்தக் கோளத்தின் ஆரம்³ = 105.7 × 3 ÷ (4 பை) = 25.2, ஆரம் 2.93. எஃகின் கனம் 3.6 − 2.93 = 0.67, ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

விடையைச் சரிபார்க்க

கோளம், அது கச்சிதமாக அடங்கும் கனசதுரப் பெட்டியில் பாதிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும் (52 சதவீதம்). உருளை, அது அடங்கும் பெட்டியில் 79 சதவீதம் பிடிக்கும். பெதாங் குண்டுக்கு 7.2³ ≈ 373, பாதி 187. நம் விடை 195, சரியான பக்கத்தில் இருக்கிறது. பத்து நொடி வேலை.

கேம்பிரிட்ஜ் தாளில், துல்லியமாக வராத விடையை மூன்று முக்கிய இலக்கங்களுக்கு எழுத வேண்டும். நடுவில் வரும் எண்களை முழுமையாக்காமல் கால்குலேட்டரிலேயே வைத்திருங்கள். 22/7 உண்மையான பையைவிடச் சற்றுப் பெரியது. கேள்வியில் சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள். "பையோடு விடை தருக" என்றால் 36 பை என்றே நிறுத்துங்கள்.

போட்டுப் பார்க்க மூன்று

புயல் எச்சரிக்கை வந்ததும் நிரப்பி வைக்கும் டிரம்: உள் விட்டம் 56, உயரம் 85 சென்டிமீட்டர். எத்தனை லிட்டர்?

6 சென்டிமீட்டர் விட்டமுள்ள மெழுகு உருண்டையை உருக்கி 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள மெழுகுவர்த்தி செய்தால் எவ்வளவு உயரம்?

9 சென்டிமீட்டர் உள் ஆரமுள்ள அரைக்கோளப் பாத்திரம் நிறையப் பாயசம். 3 சென்டிமீட்டர் ஆரம், 6 சென்டிமீட்டர் உயரமுள்ள குவளைகளில் விளிம்பு வரை ஊற்றினால் எத்தனை பேருக்கு வரும்?

விடைகள்: 209 லிட்டர், 9 சென்டிமீட்டர், 9 பேர். மூன்றாவதில் 18 என்று வந்தவர்கள் பாத்திரத்தை முழுக் கோளமாக எடுத்துவிட்டார்கள், கேள்வியில் "அரை" என்ற சொல்லின்கீழ் கோடு போட்டுவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.